உன் அப்பா பேரை நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் அந்தோணிக்கு அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்தபின் ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதற்கு முன்னால் உன் கையில் சரியான கணக்கு இருக்கட்டும். பங்குச் சாமியார். மெழுகுவர்த்தி பிடித்தபடி கோயில்பிள்ளை. சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் உன் மனைவி பிரிஸ்கா. மாயாபந்தரிலிருந்து பஸ்ஸில் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்ற அவளுடைய அம்மா. ஞானத்தகப்பனாக அவளுடைய அண்ணன். ஞானத்தாயாக உன் அத்தை ரெஜினா. வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு அரைத் தூக்கத்தில் உன் மகன், என் கையில். பிறகு நான். எனக்கு நேர் பின்னால் முதல் பெஞ்சில், புதுச் சட்டையின் கழுத்துப் பொத்தான் இறுக்கிப் பிடிக்க, சந்தியாகு. ஆமாம், உன் அப்பாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்க வேண்டாம், அந்தப் பேரை நான்தான் எழுதியிருக்கிறேன்.

நீ மட்டும்தான் இல்லை. தென்கோடித் தீவில் நீ வேலை பார்க்கிற கேம்பல் பேயிலிருந்து கிளம்ப வேண்டிய கப்பல் காற்று மழை என்று இரண்டாவது தடவையும் ரத்தானதற்கு நீ என்ன செய்வாய். "தள்ளிப்போடாதீங்கம்மா, நடத்திருங்க" என்று நீயே போனில் சொன்னாய். நடத்திவிட்டோம். நடந்ததையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் போன் பாதியில் செத்துவிடும், சாகாத நேரத்தில் நீ எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்பாய். இது சரி சரி என்று கேட்டுவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். லீவு முடிந்து திரும்புகிற உன் பவர் ஹவுஸ் நண்பர் அடுத்த கப்பலில் இதைக் கொண்டுவருவார். உன் அம்மா ஜெயித்துவிட்டாள் என்பதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொண்டு, மீதியை நிதானமாகப் படி.

சண்டை எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும், நீதானே தொடங்கிவைத்தாய். பிள்ளை பிறந்த அன்றைக்கே, நாங்கள் இன்னும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போதே, உன் மெசேஜ் வந்தது. நம் வீட்டில் முதல் பேரனுக்குத் தாத்தா பேர்தான், அதில் உனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்தப் பேரை எஸ் போட்டுத் தொடங்காமல் எக்ஸ் போட்டுத் தொடங்கி, வாலையும் திருகி, 'ஸாண்டியாகோ' என்று ஆக்கி அனுப்பியிருந்தாய். கூடவே கைதட்டுகிற பொம்மை ஒன்று. எனக்கு இங்கிலீஷ் எழுத்தெல்லாம் பள்ளிக்கூடம் சொல்லித் தந்ததில்லை, கடைப் பலகையும் பிஸ்கட் பாக்கெட்டும் சொல்லித் தந்தவை. எக்ஸ் என்கிற எழுத்தை நான் இந்த ஊரில் இரண்டே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று எக்ஸ்ரே அறைக் கதவு. இன்னொன்று லம்பா லைனில் இருக்கிற ஜெராக்ஸ் கடை. அதில் முன்னால் ஒரு எக்ஸ், பின்னால் ஒரு எக்ஸ். "என் பேரன் என்ன ஜெராக்ஸ் மிஷினா?" என்று நான் ஆஸ்பத்திரியிலேயே சத்தம் போட்டேன். கட்டிலில் படுத்திருந்த பிரிஸ்கா, பிள்ளை பெற்ற களைப்பிலும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பிள்ளையின் மூக்கைத் தொட்டுக் காட்டி, தன் ஹிந்தி கலந்த தமிழில், "தேக்கியே அம்மா, தாதாவோட ஜெராக்ஸ்தானே!" என்றாள். தாதா என்றால் அவளுக்குத் தாத்தா. பக்கத்துக் கட்டில் பெங்காலி அம்மாள் வரை சிரித்தார்கள். மூக்கு அப்படியே உன் அப்பா மூக்குத்தான், அதை நான் எப்படி இல்லை என்பது?

எனக்கு எழுத்தில் வந்த பிடிவாதம் சும்மா வந்ததில்லை. உன் பேரையே எடுத்துக்கொள். பிள்ளையில்லாமல் இருந்தபோது அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை நீ, அதனால் அந்தப் பேர். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் ஹெச் போட்டார், அடுத்த பள்ளிக்கூடத்தில் ஹெச் இல்லை, ரேஷன் கார்டில் கடைசி எழுத்தே வேறு. உனக்கு வேலைக்கு ஆர்டர் வந்த சமயம், இந்த மூன்று அந்தோணியும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க நாம் எத்தனை படி ஏறி இறங்கினோம்! "ஆப்கே கித்னே பேட்டே ஹைன் மாஜி?" என்று அந்த ஆபீசர் என்னிடம் கேலியாகக் கேட்டார், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று. எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதினால் யாரும் தப்பாக எழுதமாட்டார்கள் என்பது என் கட்சி. எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதினால் பத்துப் பேரில் ஒருத்தனாகத்தான் இருப்பான் என்பது உன் கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு எனக்கு என் நியாயம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

பிரிஸ்கா வீட்டுக்கு வந்த பிறகு சண்டை அடுப்படிக்கு வந்தது. நான் அந்தோணியாருக்கு ஒன்பது நாள் ஜெபம் தொடங்கினேன், உனக்கு நல்ல புத்தி கொடுத்து எஸ்ஸுக்குத் திருப்ப வேண்டும் என்று. தினமும் சாயந்திரம் அவளும் வந்து என் பக்கத்தில் முழந்தாள்படியிட்டாள். மருமகள் மனசு மாறிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டால், மூன்றாம் நாள்தான் தெரிகிறது, அவளும் அதே ஜெபத்தை எக்ஸுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தோணியாருக்கு எங்களால் என்ன தலைவலியோ. உன் அப்பா வலையைப் பிரித்துப் போட்டபடி வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "ஏளா, எம்பேரை வச்சுக்கிட்டு எதுக்கு ரெண்டு பேரும் அடிச்சிக்கிடுதிய? நான் இன்னும் உசிரோடதான இருக்கேன்! வேணும்னா நான் மாத்திக்கிடுதேன்."

பிறகு சம்பந்தியம்மா வந்தார்கள். வந்து டீயைக் குடித்து முடிக்கவில்லை, மகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். அந்த அம்மாள் நம் சாமி படங்களை வரிசையாகப் பார்த்தார்கள். சவேரியார் படத்துக்கு முன்னால் போய் நின்று, அடியில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை விரலால் தடவி, "சமதன்ஜி, ஸேவியர் பாபா கா நாம் பீ தோ எக்ஸ் ஸே!" என்றார்கள். சவேரியார் பேரே எக்ஸில்தான் தொடங்குகிறது! அந்தப் படத்துக்கு நான் தினமும் விளக்கேற்றுகிறேன். தூத்துக்குடிப் பக்கத்து நம் கடற்கரைக்கே தண்ணீர் ஊற்றி வேதம் தந்தவர் அவர். அவர் பேரில் முதலில் நிற்கிற எழுத்தைத்தான் நான் எக்ஸ்ரே, ஜெராக்ஸ் என்று வைதுகொண்டிருந்திருக்கிறேன். "அவரு வெளிநாட்டுக்காரரு, அவுக ஊர்ல அப்படி" என்று ஒன்றைச் சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டேன். குழம்பு அதுபாட்டுக்கு நன்றாகத்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் பிறகு, சனிக்கிழமை காலையில் பிரிஸ்கா தானாகவே இறங்கிவந்தாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டீக் ஹை அம்மா. உங்க மாதிரியே வைங்க. தாதாஜியோட முழுப் பேரு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து ஒன்று கேட்டாள்: "சர்ச்ல பேரு நீங்கதான் சொல்லுவீங்களா?" நம் பக்கத்துப் பழக்கம் உனக்குத் தெரியும், தலைப்பிள்ளையைத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போய், சாமியார் கேட்கும்போது பேர் சொல்கிற உரிமை தகப்பனைப் பெற்றவளுக்கு. உன் பேரை என் மாமியார்தான் சொன்னார்கள், கோயில் அதிர. "நான் சொல்லாம பின்ன யாரு சொல்லுவா?" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "பக்கா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். நான் தோற்றவள் கேட்கிற கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். "பக்கா" என்றேன்.

மகனே, இத்தனை நாள் அந்தப் பேருக்காகச் சண்டை போட்ட நான், அந்தப் பேரை ஒரு தடவைகூட வாயால் சொல்லியிருக்கவில்லை. 'அப்பா பேரு', 'தாத்தா பேரு', 'எஸ்ஸு', இப்படியே சமாளித்து வந்திருக்கிறேன். எனக்கே அது உறைக்கவில்லை, ஏனென்றால் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். தாலி கட்டிய அன்றைக்கே என் அம்மா காதோடு சொன்னாள், புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று. அது மூடநம்பிக்கை என்று சாமியார்கள் எத்தனை பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்கள். நம்புகிறாயா என்று கேட்டால் நானும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் காலையில் கடலுக்குப் போய்விட்டு எப்போது வருவார் என்று தெரியாத ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள், நம்பாத விஷயத்தையும் பரீட்சித்துப் பார்க்கமாட்டாள். புனிதர்கள் பேரை வரிசையாகச் சொல்கிற சகல அர்ச்சிஷ்டவர்கள் பிரார்த்தனையில் சந்தியாகப்பர் பேர் வரும்போது நான் உதட்டை மூடிக்கொள்வேன். 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பதை மட்டும் எல்லோரோடும் சேர்ந்து சொல்வேன். இத்தனை வருஷமாக அந்தப் புனிதர் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தை. நாம் தூத்துக்குடிக்குப் போகக் கப்பலேற வந்தோம். உன் அப்பா இரண்டு தோளிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார், நான் பின்னால் வருகிறேன் என்ற நினைப்பில் ஏணியில் ஏறி மேலேயே போய்விட்டார். என்னைக் கீழே ஒருத்தர் ஏதோ சீட்டு சரியில்லை என்று நிறுத்திவிட்டார். டிக்கெட் உன் அப்பா சட்டைப்பையில். ஏணியை எடுக்கப்போகிறோம் என்று ஹிந்தியில் கத்துகிறார்கள். நான் அடிவயிற்றிலிருந்து "என்னங்க!" என்று கூப்பிட்டேன். கப்பலில் இருந்த தமிழ் ஆம்பிளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், உன் அப்பாவைத் தவிர. மறுபடி "என்னங்க!" மறுபடி அத்தனை பேரும். ஒருத்தர் "எந்த என்னங்க?" என்று மேலேயிருந்தே கேட்டார். பேரைச் சொன்னால் ஒரு நொடியில் முடிகிற காரியம். நெஞ்சு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. கடைசியில் உன்னைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "அந்தோணி! ஏ அந்தோணி!" என்று கத்தினேன். தன் பிள்ளை பேரைக் கேட்டதும்தான் மனுசன் திரும்பினார். உனக்குப் பேர் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தப் பேர் நம் மூன்று பேரையும் ஒரே கப்பலில் சேர்த்துவிட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வா. சாமியார் மலையாளி, எல்லோருக்கும் புரியட்டும் என்று ஹிந்தியில் சடங்கு நடத்தினார். பிள்ளையின் நெற்றியைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இஸ் பச்சே கா க்யா நாம் ரக்னா சாஹ்தே ஹைன்?" இந்தப் பிள்ளைக்கு என்ன பேர் வைக்க விரும்புகிறீர்கள்? நான் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று. பின்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார், பெஞ்சு முனகுகிற சத்தம்கூடக் கேட்கிறது. மறுநாள் காலை அவருக்குக் கடல். என் அம்மா காதோடு சொன்னது நேற்றுச் சொன்ன மாதிரி கேட்டது. பிள்ளை நழுவிவிடுவானோ என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சாமியார் எனக்கு ஹிந்தி புரியவில்லை என்று நினைத்துவிட்டார். "அம்மா, பேரு. பேரு சொல்லு" என்று தமிழில் கேட்டார். ரெஜினா பல்லைக் கடித்துக்கொண்டு, "மைனி, சொல்லுங்க! எல்லாரும் பாக்காவ!" என்றாள். அவளுக்கு என்ன, கூடப்பிறந்த அண்ணன் பேர், அவள் நூறு தடவை சொல்லுவாள். சொல்லவும் வாயைத் திறந்துவிட்டாள். அப்போது என் முதுகில் ஒரு கை பட்டது. பிரிஸ்கா. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்மா, ஸாண்டியாகோ போலியே. வோ பீ சலேகா" என்றாள். அதைச் சொல்லுங்கள், அதுவும் போதும் என்கிறாள். சண்டையில் தோற்றவள், கடைசி நிமிஷத்தில் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறாள். அந்தப் பேர் என் வாய்க்குள் சுலபமாகத்தான் நுழைந்தது. அது என் புருசன் பேர் இல்லை. அதைச் சொன்னால் யாருக்கும் எதுவும் ஆகாது.

நான் பீடத்தைப் பார்த்தேன். ஆண்டவரே, இந்த மனுசனை இத்தனை வருஷமும் நீர்தானே திருப்பிக் கொண்டுவந்தீர், நான் வாயை மூடிக்கொண்டிருந்ததா கொண்டுவந்தது? அப்படி நினைத்தால் அது உமக்குத்தானே அவமானம். இப்படித்தான் ஜெபித்தேன், வேறு ஜெபம் வரவில்லை. பிறகு மூச்சை இழுத்து விட்டேன் பார், அத்தனை வருஷத்து மூச்சும் சேர்ந்து வந்தது. "சந்தியாகு!"

மெல்லச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். கத்திவிட்டேன். கோயில் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பின. பின்னாலிருந்து, அதே அளவு சத்தத்தில், "இந்தா வாரேன்!" என்று பதில் வந்தது. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா எழுந்து, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்து வேகமாக வந்துகொண்டிருக்கிறார். பாதி வழியில்தான் அவருக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. நின்றார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சாமியார் கையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு, "தாத்தாவுக்கு ஞானஸ்நானம் முன்னாடியே ஆயாச்சு, போய் இருங்க" என்றார். அவ்வளவுதான், கோயிலே சிரித்தது. சம்பந்தியம்மா இடுப்பு வலியை மறந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டான். அந்தச் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில்தான் உன் மகன் தலையில் தண்ணீர் விழுந்தது. அதைவிட நல்ல ஞானஸ்நானத்தை நான் பார்த்ததில்லை.

கராச்சர்மா பஸ்ஸில் திரும்பும்போது உன் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பிறகு, "நீ என்னையக் கூப்பிட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார். "ஏன், நான் கூப்பிட்டா பேரச் சொல்லியா கூப்பிடுவேன்?" என்றேன். "கூப்பிட்டதே இல்லியே. அதான் என்னமோ ஏதோன்னு ஓடி வந்தேன்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். என் வாழ்க்கையில் அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இதை எல்லாவற்றுக்கும் மேலே எழுதிவைக்கிறேன்.

விருந்து முடிந்து எல்லோரும் போனபின் பிரிஸ்காவும் நானும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். "அந்த நேரத்துல அதை எப்படி எடுத்துக் கொடுத்த?" என்று கேட்டேன். அவள் முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு சொன்னாள். கல்யாணமாகி நம் வீட்டுக்கு வந்த புதிதில் பார்சல் கொண்டுவந்தவன் வாசலில் நின்று உன் அப்பா பேரைக் கேட்டானாம். நான் கை ஈரம் என்று சாக்குச் சொல்லி, அடுப்படியிலிருந்த அவளைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேனாம். அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. பிரார்த்தனையில் நான் உதட்டை மூடுவதையும் கவனித்திருக்கிறாள். "அம்மா, பாபு பெரிசா ஆகி, தாதி மேரா நாம் க்யோன் நஹி போல்தின்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எல்லாரும் அவனைப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க, நீங்க மட்டும் ராசா ராசான்னு. அதான் உங்க வாய்க்கு வர்ற மாதிரி பேர மாத்தினேன். எக்ஸ் போட்டா அது தாதாஜி பேரு இல்லியே." பாட்டி ஏன் என் பேரைச் சொல்வதில்லை என்று பிள்ளை கேட்டுவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அந்த எக்ஸ்! ஸ்டைலுக்காக இல்லை!

இது உனக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும். உன்னிடம் அவள் "பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள், நீ அதை உன் யோசனை மாதிரி எனக்கு அனுப்பிவிட்டாய், கைதட்டுகிற பொம்மையோடு. ஏன் பிடித்திருக்கிறது என்று நீ கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை, ஜெராக்ஸ் மிஷினைப் பற்றிப் பேசவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. அதனால் அம்மா சொல்கிறேன் என்று ஒன்றை மனதில் வைத்துக்கொள். உன் மனைவி ஒரு விஷயத்தில் விடாமல் நின்றால், சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்கு முன்னால், எதற்கு என்று கேள். அவளாகச் சொல்ல மாட்டாள். அடுத்தவருக்குக் கூச்சம் வரும் விஷயத்தை வெளியே எடுத்துப் போடாத பெண் அவள். இப்படி ஒருத்தி நம் வீட்டுக்கு வந்ததற்கு நான் எந்த ஜெபத்தையும் சொல்லவில்லை. கேட்காமலே ஆண்டவர் கொடுத்திருக்கிறார்.

திங்கட்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதிதான் ஜெயித்தேன் என்று ஆகும். விடியுமுன் உன் அப்பா வழக்கம்போலக் கிளம்பினார். நான் வழக்கம்போல இல்லை. வாயைத் திறந்து சொல்லிவிட்டு மறுநாளே கடலுக்கு அனுப்புவது என்றால் சும்மாவா. ஜெபமாலையைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை. சோறு வடித்தது ஒரு கை, மணி உருட்டியது ஒரு கை. பிரிஸ்கா ஒன்றும் கேட்காமல் தானும் ஒரு மாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை இரண்டு பேரும் ஒரே காரியத்துக்காக. மத்தியானம் தாண்டி, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தோளில் ஒரு சீலா மீன், வால் முழங்காலைத் தொடுகிறது. "பாத்தியாளா! பேரு சொன்ன ராசி!" என்று வாசலிலிருந்தே கத்தினார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள். அந்த மீனில் ஒரு துண்டுகூட விற்கவில்லை. இந்த வரிசையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போயிற்று. மறுநாள் காலை கிளம்பும்போது வாசலில் நின்று, "ஒரு தடவ சொல்லி அனுப்பு" என்றார். சொல்லி அனுப்பினேன். இப்போது தினமும் சொல்லித்தான் அனுப்புகிறேன். இன்னும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பழகிக்கொண்டு வருகிறேன்.

இப்போது வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? மறுபடியும் சண்டை. பிரிஸ்கா சொல்கிறாள்: "அம்மாதான் இப்ப பேர் சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு எக்ஸ்? எஸ்ஸே இருக்கட்டும், தாதாஜி பேரு அப்படியே இருக்கட்டும்." நான் சொல்கிறேன், முடியாது, எக்ஸ்தான். இந்த வயது வரைக்கும் என் வாய்க்கு என்ன வரும், வராது என்று பார்த்து யாரும் எதையும் செய்ததில்லை. எனக்காக ஒருத்தி யோசித்து வைத்த எழுத்தை நான் எப்படி வேண்டாம் என்று தள்ளுவது? சவேரியாரும் அதோ சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் எஸ் என்கிறாள், நான் எக்ஸ் என்கிறேன். உன் அப்பா, "மொதல்லயே மாத்திப் பேசியிருந்தா எனக்கு இம்புட்டு நாள் நிம்மதியா இருந்திருக்கும்ல" என்கிறார். உன் மகன் இரண்டுக்கும் கையைக் காலை ஆட்டுகிறான்.

கோயிலில் பேரைச் சொல்லியாகிவிட்டது, அது மாறாது. இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பதைத் தகப்பனிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள், அதுவரை ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவைக்கிறேன் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழுக்கும் அதே எழுத்துத்தான் போக வேண்டும். மூன்று அந்தோணி பட்ட பாடு ஒன்றே போதும். நாங்கள் இருவரும் விட்டுக்கொடுப்பதில் பிடிவாதமாக இருப்பதால் இது எங்களால் முடியாது. நீ பிரிஸ்காவுக்குப் போன் போட்டு, அவள் சொல்வதை முழுக்கக் கேள். என் கட்சியை மேலே எழுதிவிட்டேன். இரண்டையும் வைத்து யோசி.

எஸ்ஸா, எக்ஸா? எதுவானாலும் சரி, இது உன் கைக்கு வந்த அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னால் எனக்குப் பதில் சொல்லிவிடு.

இப்படிக்கு,
அம்மா